விதைத்தால் போதுமா?

தோரணம் கட்டினோம், மேடை அமைத்தோம், ஒலிபெருக்கியை ஊர் எல்லை வரையில் முழங்கவிட்டோம். தலைவர் பேசினார், நண்பர்கள் பேசினர், நாமும் பேசினோம். அறியாமை என்னும் காரிருள் அன்றிரவே நம் ஊரைவிட்டு ஓடிவிட்டது என்று எண்ணி, இறுமாந்து உறங்கச் சென்றோம். மறுநாள் காலை தோரணம் வாடிக் கிடந்தது. மூன்றாம் திங்களில் கதவிலே பூட்டுத் தொங்கிற்று!

தோழர்களே! அது ஒரு படிப்பகம். கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, பள்ளி ஆசிரியராகி, திருவாரூர் மாவட்டத்துக் கடைமடைச் சிற்றூராகிய நம் ஊருக்குத் திரும்பிய புதிதில், நண்பர் நால்வருடன் கூடி நாம் தொடங்கியது. உழைக்கும் மக்கள் வாழும் தெருவில், ஒரு கீற்றுக் கொட்டகையில், இரண்டு அலமாரி நூல்களும் மூன்று நாளிதழ்களும் வைத்தோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாகவும் உறுதி கூறினோம். ஆவணியில் திறந்தபோது வந்த பிள்ளைகள் 40 பேர்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகிற்று. விளக்குப் பழுதாயிற்று. நண்பர் ஒருவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது; மற்றொருவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. நமக்கோ, அண்டை ஊர்க் கூட்டங்களில் பேச அழைப்பு மேல் அழைப்பு! 'இன்று ஒருநாள் வகுப்பு இல்லை' என்றோம். அந்த ஒருநாள் இரண்டாயிற்று, இரண்டு, வாரமாயிற்று. 40 பேர் 6 பேராயினர். அந்த ஆறு பேரும் ஒருநாள் மாலை வந்து பார்த்துவிட்டுப் பூட்டிய கதவோடு பேசிவிட்டுப் போயினர்.

பழியை யார் மீது சுமத்தினோம்? மக்கள் மீது! "இவர்களுக்கு அக்கறை இல்லை, என்ன செய்தாலும் முளைக்காத மண் இது" என்று நண்பரிடம் நாமே சொன்னோம். விளையாத வயலைக் கண்டு மண்ணைப் பழிப்பது, வேலை செய்யாத உழவனின் முதற்பேச்சு என்பதை அன்று நாம் அறியோம். அறிவித்தது அடுத்த ஆண்டு. அறிவித்த ஆசான், இரண்டு ஏக்கர் நன்செய்.

தந்தையார் வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். நிலத்தைத் தரிசாகப் போட அவருக்கு மனமில்லை. பள்ளிக்குச் செல்லுமுன் காலையிலும், விடுமுறை நாள்களில் முழுப் பகலிலும், கால்சட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு நாம் சேற்றில் இறங்க நேர்ந்தது. உழவைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். நாற்றுக்கும் புல்லுக்கும் வேறுபாடு அறியோம்!

விதை விடும் நாள் வந்தது. பாட்டியார் பஞ்சாங்கத்தைப் பிரித்து, "வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள்" என்றார். தந்தையாரோ படுத்தபடியே, "ஒரு கோழிமுட்டை கொண்டுவா" என்றார். வாளித் தண்ணீரில் முட்டையை இட்டு, அது மேலே எழுந்து மிதக்கும் வரையில் உப்பைக் கரைக்கச் சொன்னார். பிறகு விதைநெல்லை அதில் கொட்டச் சொன்னார். பதரும் அரைமணியும் மிதந்தன. திரண்ட மணி அடியில் தங்கிற்று. மிதந்ததை அள்ளி எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல நீரில் இருமுறை கழுவி, 24 மணி நேரம் ஊறவைத்து, மேலும் 24 மணி நேரம் ஈரச்சாக்கில் மூட்டம் கட்டினோம். வெண்முளை எட்டிப் பார்த்தது. பஞ்சாங்கம் நாளைச் சொல்லிற்று. முட்டை விதையைச் சொல்லிற்று! எது பயன்பட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பஞ்சாங்கத்தைப் பார்த்து நகைத்தோம். நகைத்து முடிக்குமுன் நம் நெஞ்சமே நம்மைச் சுட்டது. 'நல்ல நாளில் தொடங்கினால் நல்லபடி விளையும்' என்று பாட்டியார் நம்புகிறார். 'பெரிய விழாவாகத் தொடங்கினால் பெரிதாக விளையும்' என்று நாம் நம்பவில்லையா? அவர் நம்பியது கோளை. நாம் நம்பியது மேடையை! தொடங்கும் நாளுக்கு இல்லாத ஆற்றலை அதற்கு ஏற்றிவைத்த குற்றம் இருவருக்கும் பொது. திறப்புவிழா என்பது பகுத்தறிவாளர் வைத்திருக்கும் பஞ்சாங்கமாகிவிட்டதே!

கணக்கைப் பாருங்கள். நாம் பயிரிட்டது 150 நாளைத் தாண்டும் சம்பா. விதை தெளித்தது ஒருநாள். அறுத்தது ஒருநாள். ஊர் கூடிப் பார்க்கும் நாள்கள் இவ்விரண்டே. எஞ்சிய நாள்களில் எவரும் மாலையிடுவதில்லை. எவரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அந்த நாள்களில்தான் நெல் விளைகிறது.

இன்னொன்றும் கண்டோம். மேட்டூர் அணை 1934இல் எழுந்தது. டெல்டாப் பாசனத்திற்கு ஜூன் 12ஆம் நாள் மதகு திறப்பது வழக்கம். நீர்வரத்தைப் பொறுத்து நாள் மாறுவதும் உண்டு. மலர்தூவித் திறக்கிறார்கள், மறுநாள் நாளிதழ்களில் படம் வருகிறது. அதனால் கடைமடை நனைந்துவிடுகிறதா? அந்த நீர் கல்லணைக்கு வரவேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரியவேண்டும். கிளை ஆறுகளில் நுழைந்து, பெரிய வாய்க்காலைக் கடந்து, சின்ன வாய்க்காலில் ஊர்ந்து, நம் வயல் மடைக்கு வந்து சேரவேண்டும். இடையே ஒரு வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் போதும். அணை நிரம்பி வழிந்தாலும் நம் வயல் வெடித்துத்தான் கிடக்கும். மதகைத் திறந்தவர் பெயர் செய்தியில் வரும். வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் எடுத்தவர் பெயர் எதிலும் வராது. ஆயினும் நீரைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவரே! நம் கொள்கைகளும் அப்படித்தான். தலைநகரில் திறந்துவிட்ட கருத்து, கடைசித் தெருவின் கடைசி வீட்டை அடையவில்லையென்றால், கருத்தில் குறையில்லை, வாய்க்காலில் அடைப்பு. வாய்க்காலாக இருக்கவேண்டிய நாம், மதகருகே மாலையோடு நின்றுவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து நாற்றைப் பறித்தோம். ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதுமானது. அந்தச் சிறு இடத்தில் நாற்றுகள் நெருங்கி, ஒன்றையொன்று தாங்கி, பசேலென்று நிற்கும் அழகே அழகு! நம் கல்லூரி மன்றங்களை நினைவூட்டிற்று. ஒத்த வயது, ஒத்த கருத்து, ஒருவர் பேச்சுக்கு ஒருவர் கைதட்டல்! ஆனால் நாற்றங்காலிலேயே நாற்றை விட்டுவைத்தால் முற்றி வீணாகும். பிடுங்கி, முடிகட்டி, சேற்றில் தள்ளித்தள்ளி ஊன்றவேண்டும். ஊன்றியபின் என்ன ஆயிற்று? பச்சை போய் மஞ்சள் பூத்தது, தலை சாய்ந்தது. நாம் பதறி ஓடினோம். "வேர் அறுந்த பயிர் புது மண்ணில் வேர்விடுகிறது. ஒரு வாரம் பொறு, பச்சை பிடிக்கும்" என்றார் தந்தையார். பிடித்தது! மாலை வகுப்பில் பிள்ளைகள் குறைந்த முதல் வாரத்திலேயே, 'முளைக்காத மண்' என்று தீர்ப்பெழுதிய நம் அவசரத்தை எண்ணி வெட்கினோம்.

நட்ட பதினைந்தாம் நாள் களையெடுப்பு. நாமும் பெண்களோடு வரிசையில் குனிந்தோம். அரைமணி நேரம் ஊக்கமாகப் பிடுங்கினோம். பக்கத்தில் நின்ற பெண்மணி நம் கையிலிருந்த கற்றையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அதில் பாதி நெல்!

குதிரைவாலிக் களை, இளமையில் நெல்லைப் போலவே இருக்கும். அதே உயரம், அதே பசுமை, அதே அசைவு. அவர் நமக்குக் கற்பித்தார்: "இலை தண்டோட சேர்ற எடத்தைப் பாருங்க. நெல்லுன்னா மெல்லிசா ஒரு தோலும் சின்னக் காதும் இருக்கும். களைக்கு அது இருக்காது." குனிந்து பார்த்தோம். உண்மை! தாவர நூலார் உருப்பெருக்கியால் கண்டு எழுதிய வேறுபாட்டை, எழுத்தறியாத அப்பெண் விரல் நுனியால் அறிந்திருந்தார். எட்டி நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் பச்சை. குனிந்து பார்ப்பவனுக்கே பயிர் எது, களை எது என்று தெரியும். நாமோ பட்டதாரி; அவருக்கு ஆசிரியராகப் போயிருந்தோம்!

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய தாயார் நம் பாட்டனாரை 'ஆண்டே' என அழைத்துக் களத்துமேட்டில் கைகட்டி நின்ற காலத்தை ஊர் மறக்கவில்லை. இன்று அவர் நம்மை 'வாத்தியாரே' என்கிறார். நாம் அவரை 'அக்கா' என்கிறோம். அழைக்கும் சொல் மாறியிருக்கிறது. அதற்கே எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது! ஆனால் நிலம் இன்றும் நம் பெயரில். களைக்கூலி அவர் பெயரில்.

வரிசை வயலின் நடுவே வந்தபோது அவர் நிமிராமலே கேட்டார்: "வாத்தியாரே, படிப்பகம்னு ஒண்ணு நட்டீங்களே... அதுக்குக் களை யாரு எடுக்கிறது?"

நாம் வாய் திறக்கவில்லை. அவர் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவில்லை. வயலைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார். பூட்டிய கதவோடு பேசிவிட்டுப் போன ஆறு பேரில் ஒருத்தி அவர் மகள். பத்தாம் வகுப்பு; கணக்கு மட்டும் வராது. கணக்குக்காகவே மாலை வகுப்பை நம்பியிருந்தாள். வகுப்பு நின்றது. தேர்வில் கணக்கில் தவறினாள். இப்போது திருப்பூரில் பனியன் தைக்கும் ஆலையில் வேலை. "அவளுக்குப் படிக்க ஆசைதான்" என்றார். அடுத்த களையைப் பிடுங்கினார்.

நாம் நிமிர்ந்து நின்றோம். வரிசை நம்மைவிட்டு முன்னே நகர்ந்தது. வேலைக்குச் செல்வது இழிவன்று, உழைப்பவள் உயர்ந்தவள். ஆனால் அவள் தானே தேர்ந்து சென்றாளா? நாம் இழுத்து மூடிய கதவு அவளைத் தள்ளிற்று. தேர்தலில் தோற்றால் அடுத்த தேர்தல் உண்டு. கூட்டம் சிறுத்தால் அடுத்த கூட்டம் உண்டு. பதினைந்து வயதில் பருவம் தவறிய ஒரு பெண்ணின் படிப்பை நாம் எதைக் கொண்டு ஈடுசெய்வது?

ஒரு படிப்பகத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? பழைய தஞ்சை மாவட்டத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகையாளரையும் பண்ணையாள்களையும் காக்க 1952இல் இம்மாவட்டத்துக்கென்றே சட்டம் வந்தது. நல்ல விதை! ஆனால் 16 ஆண்டுகள் கழித்து, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவில், ஒரு குடிசைக்குள் புகலடைந்த 44 உயிர்கள் தீயில் மடிந்தன. பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. சட்டம் ஏட்டில் இருந்தது. ஆதிக்கம் என்னும் களை வயலில் இருந்தது. விதைத்துவிட்டோம் என்று வீடு திரும்பிய சமுதாயம், களையின் வேரைத் தேடி நாள்தோறும் குனியவில்லை. விதைப்பு விழா எடுத்துவிட்டு நடையைக் கட்டினால், விலை கொடுப்பவர் விழா எடுத்தவர் அல்லர், வயலோடு கிடப்பவரே!

அந்த ஆண்டு நாம் செய்த மற்றொரு பிழையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பயிர் பச்சை பிடித்ததும், இன்னும் வளரட்டும் என்று யூரியாவை அள்ளி வீசினோம். கருகருவென்று தழைத்தது! வழிப்போக்கர் நின்று பார்த்துப் புகழ்ந்தனர், நாம் பூரித்தோம். தந்தையார் மட்டும், "இலை கொழுத்தால் பூச்சிக்கு விருந்து; தண்டு நிற்காது" என்றார். புகையான் வந்தது. கதிர் முற்றும் வேளையில் வீசிய காற்றில், வயலின் ஒரு மூலை முழுதும் சாய்ந்து நீரில் கிடந்தது. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து இலையைத் தரும், மணியைத் தராது. பொதுப்பணி செய்யும் இளைஞனுக்குக் கைதட்டல் என்பது யூரியா. சிறிது வேண்டும், இல்லையேல் வெளிறிப்போவான். மிகுந்தால் கொழுப்பான், முதற்காற்றில் சாய்வான். அண்டை ஊர் மேடைகளில் நாம் வாங்கிய கைதட்டல்தானே நம் ஊர் வகுப்பைச் சாய்த்தது!

இதற்கு நேர்மாறான ஒரு பயிரையும் கண்டோம். தக்கைப்பூண்டு. அடுத்த நடவுக்கு முன்னே விதைத்தார்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் சேர்த்துவைக்கும். 45 நாள் அளவில், பூக்கும் பருவத்தில், அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள். அதற்கு அறுவடை இல்லை; களம் இல்லை; விலை இல்லை. அடுத்து வரும் நெல்லின் ஒவ்வொரு மணியிலும் அது இருக்கிறது. சேரித் தெருவில் திண்ணைப்பள்ளி நடத்தியும், தடுத்த கிணற்றில் நீர் மொண்டும், பெயர் தெரியாமல் மறைந்த தொண்டர்கள் எத்தனை பேர்! நாம் பட்டம் பெற்றது அவர்கள் எருவாகிய மண்ணில். பயிர் தன் எருவை மறக்கலாம். பகுத்தறிவுள்ள மனிதன் மறக்கலாகுமா?

தை அறுவடை முடிந்தது. சாய்ந்த மூலை போக, மற்றது விளைந்தது. களத்திலேயே முடிவு செய்தோம்: படிப்பகத்தை மீண்டும் திறப்பது, ஆனால் திறப்புவிழா இல்லாமல்!

முதலில் வீடு வீடாகச் சென்று ஒரே கேள்வி கேட்டோம்: "பிள்ளைகள் ஏன் நின்றார்கள்?" முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அக்கறையின்மை என்று நாம் எழுதிய தீர்ப்பு அங்கே தூள் தூளாயிற்று. தெருவுக்கும் படிப்பகத்துக்கும் இடையே ஒரு வாய்க்கால் பாலம், அங்கே விளக்கில்லை. இருட்டியபின் பெண் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் அஞ்சினர். நடவு, அறுப்புக் காலங்களில் மூத்த பிள்ளைகள் வீட்டில் சிறியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவையே களைகள்! குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும். நாம் மேடையிலிருந்து பார்த்தோம்.

ஊராட்சிக்கு மனு எழுதி, மீண்டும் எழுதி, நேரில் சென்று நின்று, நான்காம் திங்களில் பாலத்தருகே விளக்கு எரிந்தது. அதுவரையில் நாமும் நண்பர் ஒருவரும் கைவிளக்கோடு பிள்ளைகளை வீடு வரையில் கொண்டுபோய்விட்டோம். தம்பி தங்கையரையும் உடன் அழைத்துவரச் சொன்னோம். அவர்கள் ஒரு மூலையில் படம் வரைந்தனர். தொடக்கத்தில் 8 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன வரும், என்ன வராது, ஏன் வரவில்லை என்று குறித்தோம். 1921இல் கோவை நெல் ஆய்வாளர்கள் பழைய வகை ஒன்றின் நடுவே தானாக மாறி நின்ற செடியைக் கவனித்துப் பிரித்தெடுத்ததால் அல்லவா, பின்வந்த பல வகைகளுக்குத் தாயாகிய ஜி.ஈ.பி. 24 நமக்குக் கிடைத்தது! வயலைப் பார்ப்பவர் பலர். செடியைப் பார்ப்பவரே சிலர்.

மூன்றாண்டுகள் ஆயின. வகுப்பு ஒருநாளும் நின்றதில்லை என்று பெருமை பேசமாட்டோம். நின்ற நாள்களுக்குக் காரணத்தோடு கணக்கு வைத்திருக்கிறோம். இப்போது 23 பிள்ளைகள். நாம் ஊரில் இல்லாத நாளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இருவர் பாடம் நடத்துகின்றனர். விளைந்ததில் திரண்ட கதிரைத் தேர்ந்து விதைக்கென்று ஒதுக்கிவைப்பது உழவர் வழக்கம். அதைப் பசிக்கு உண்ணமாட்டார்கள். தமக்குப்பின் ஒருவரை ஆளாக்காத தொண்டன், விதைநெல்லைத் தின்ற உழவன்.

சென்ற பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து அந்தப் பெண் வந்திருந்தாள். தம்பியை அழைத்துப்போக மாலையில் படிப்பகத்துக்கு வந்தவள், உள்ளே வராமல் வாயிலிலேயே நின்றாள். நாம் எழுந்து சென்றோம். விளக்கைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப தினமும் திறக்கிறீங்களா, சார்?"

"தினமும்" என்றோம். மேடையில் மணிக்கணக்காகப் பேசிய நமக்கு, அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தொண்டை அடைத்தது. தனித்தேர்வராகக் கணக்குத் தேர்வை இன்னும் எழுதலாம் என்று சொல்லி, நூலைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள். எழுதுவேன் என்றும் சொல்லவில்லை; மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பருவம் தவறிய நடவு. பச்சை பிடிக்குமா என்று காத்திருக்கிறோம்.

இளைஞர்களே! பொதுப்பணிக்கு வரும் உங்களிடம் மேடை கேட்பார்கள், முழக்கம் கேட்பார்கள், படம் கேட்பார்கள். கொடுங்கள், தவறில்லை. ஆனால் வீடு திரும்புமுன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நட்டோம், நாளைக்குக் களை எடுக்க யார் வருகிறார்? "நான் வருகிறேன்" என்று விடை வந்தால் நடுங்கள். வராவிட்டால், நாற்றுமுடியைக் கீழே வைத்துவிடுங்கள். அதை நம்பி வயலோரம் ஒரு குடும்பம் காத்திருக்கிறது!